ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்குவதா, ஒயரைத் தடிமனாக்குவதா?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறை போகும் ஒரு டீசல் வண்டி. ஆடி மாதம், ராத்திரி நேரம், அட்டகட்டிக்கு மேலே சாரலும் மூடுபனியும். அந்த நேரத்தில் வண்டிக்குள் எது எவ்வளவு கரன்ட் எடுக்கிறது என்று கணக்குப் போடுவோம். ஹெட்லைட் இரண்டுக்கும் சுமார் 10 ஆம்பியர். பம்பரில் மாட்டிய 55 வாட் பனிவிளக்கு ஜோடிக்கு 9. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஏசி ஓடும். புளோவருக்கு 15, கம்ப்ரசர் கிளட்சுக்கு 4. வைப்பர் 5. என்ஜின் கம்ப்யூட்டர், டீசல் பம்ப் வகையறாவுக்கு 12. ரேடியேட்டர் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தால் 18. பின்விளக்கு, டாஷ்போர்டு, பாட்டு, போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 9. கூட்டினால் 80-ஐத் தாண்டிவிடுகிறது.

என்ஜின் பெல்ட்டில் சுற்றி வண்டிக்குக் கரன்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர். வண்டியில் இருப்பது 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தானே, போதுமே என்று தோன்றும். மலையில் அது போதாது. லேபிளில் போட்டிருக்கும் 90 என்பது ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கிடைக்கும் அளவு. வளைவில் முதல் கியரில் ஊரும்போதோ, மேலேயிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலிங்கில் நிற்கும்போதோ அதில் பாதிதான் தேறும். பானட்டுக்குள் சூடு ஏறினால் அதிலும் கொஞ்சம் குறையும். பற்றாத 30, 40 ஆம்பியரை பேட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. மேலே போய்ச் சேரும்போது லைட் மங்கியிருக்கும். மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காது.

இந்த இடத்தில்தான் நம்மாட்கள் நேராக எலக்ட்ரீஷியனிடம் போய், "அண்ணா, டைனமோவைப் பெருசா போட்டுருங்க" என்கிறார்கள் (ஆல்டர்னேட்டரைத்தான் பேச்சில் டைனமோ என்கிறார்கள்). அவரும் "எத்தன ஆம்பியர்ல போடலாம்ங்க?" என்று கேட்கிறார். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டியில் எது ஓடுகிறது, என்ஜின் ஓடும்போதா நிற்கும்போதா, இப்போது இருக்கும் ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதெல்லாம் அதற்கு முன்னால் வர வேண்டும். 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை வாங்கி, 60 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் மாட்டுவது பணத்தையும் வீணாக்கும், வண்டியையும் பற்றவைக்கும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் செலவழிக்கும் முதல் ரூபாய் செம்புக்குத்தான் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

அடுத்து சுமையைப் போடுங்கள். ஹை பீம், புளோவர் முழு வேகம், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து என்ஜினை 2000 சுற்றில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பெரிய போல்ட்டிலும் (பி பிளஸ் என்று குறித்திருப்பார்கள்), கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் கொம்பிலும் வையுங்கள். கிளாம்ப் மேலே வைக்காமல் கொம்பின் மேலேயே வைத்தால்தான் கிளாம்பில் இருக்கும் கோளாறும் தெரியும். இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் ஒயர் நன்றாக இருக்கிறது. 0.3-ஐத் தாண்டினால் ஒயரிலோ, அதன் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோகக் காதான லக்கிலோ வோல்ட் தொலைகிறது. அதே மாதிரி ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்புக்கும் பேட்டரியின் மைனஸ் கொம்புக்கும் நடுவே பாருங்கள். அங்கே 0.1-ஐச் சுற்றி இருப்பது நல்லது, 0.2-க்கு மேலே போனால் எர்த் (கரன்ட் திரும்பும் மைனஸ் பாதை) சரியில்லை. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிகிற வேலை இது. தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிட்டுக் குனியுங்கள்.

இதே அளவையை ஐடிலிங்கிலும் ஒருமுறை செய்யுங்கள். எல்லாவற்றையும் போட்டு ஐடிலிங்கில் விட்டால் பேட்டரியில் 12.8-க்குக் கீழே இறங்குகிறதா, அப்படியானால் உங்களுக்கு உண்மையிலேயே ஆம்பியர் பற்றவில்லை. இறங்காமல் 13.8-லேயே நிற்கிறதா, அப்படியானால் லைட் மங்குவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறு இடம் பெரும்பாலும் ஹெட்லைட் ஒயரிங்தான். பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரன்ட் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போகும். பேட்டரியில் 13.8 இருக்கும், பல்பின் முனையில் தொட்டுப் பார்த்தால் 12.3 இருக்கும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். மேலே சொன்ன ஒன்றரை வோல்ட் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. இரண்டு ரிலே (சின்னக் கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), நல்ல ஒயர், ஒரு ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேராக பல்புக்குக் கொண்டுபோனால் அது திரும்ப வந்துவிடும். இந்தக் கோளாறு மட்டும் உள்ளவர்கள் ஆல்டர்னேட்டர் பக்கமே போக வேண்டியதில்லை.

இருக்கும் வழிகள்

முதல் வழி, சுமையைக் குறைப்பது. ரிலே போடுவது இதில் ஒரு பாதி. பனிவிளக்கையும் கூடுதல் விளக்குகளையும் எல்இடியாக மாற்றுவது இன்னொரு பாதி. 110 வாட் எடுத்த ஜோடி 40 வாட்டுக்குள் வந்துவிடும். ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட் கிண்ணத்துக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கிண்ணம் ஹாலஜன் இழையின் இடத்துக்கு ஏற்ப வளைத்தது. எல்இடி போட்டால் வெளிச்சம் சிதறும். மூடுபனியில் சிதறிய வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி நம் கண்ணிலேயே விழும், எதிரே வருபவர் கண்ணையும் பறிக்கும். திம்பம் மலையின் 27 வளைவுகளில் கீழே இறங்கும் லாரிக்காரர் கண்ணை ஒரு நொடி மறைப்பது சின்ன விஷயமில்லை. எல்இடிக்கென்றே லென்ஸோடு வரும் தனிப் பனிவிளக்கு வாங்குங்கள்.

இரண்டாவது, இருப்பதையே சரிசெய்வது. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இன்று 75 கொடுக்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்லிப் ரிங் கறுத்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை டிசியாக்கும் டயோடு ஒன்று போயிருக்கலாம். ஒரு டயோடு போனாலும் சார்ஜிங் லைட் எரியாமலே இருக்கலாம். கொடுக்கும் ஆம்பியர் மட்டும் இறங்கியிருக்கும். என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேலே காட்டினால் டயோடு மேல் சந்தேகப்படலாம். பெல்ட் வழுக்கினாலும் ஆம்பியர் இறங்கும், அதற்கு அடையாளம் வேறு. ஆல்டர்னேட்டரைச் சுற்றி கறுப்புத் தூள், ஸ்டார்ட் செய்ததும் ஒரு கிறீச் சத்தம். பெல்ட்டும் பிரஷும் ரெகுலேட்டரும் பேரிங்கும் மாற்றுவது எல்லாவற்றையும்விட மலிவான வேலை.

கொங்கு நாட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத ஊரே கிடையாது. அதனால் "ஸ்டேட்டரை வேற காயில் கட்டி ஆம்பியர் ஏத்திக் குடுக்கறனுங்க" என்று சொல்லும் கைத்திறன் உள்ளவர்களும் இருக்கிறார்கள். எரிந்த ஸ்டேட்டரை (ஆல்டர்னேட்டருக்குள் சுழலாமல் நிற்கும் காயில் பகுதி) பழைய அளவிலேயே திரும்பக் கட்டித் தருவதில் அவர்களை நான் முழுதாக நம்புவேன். ஆம்பியர் ஏற்றுவதற்காகக் கட்டுவது வேறு. சுற்று எண்ணிக்கையைக் குறைத்துத் தடித்த கம்பியில் கட்டினால் வேகத்தில் ஆம்பியர் கூடும். ஐடிலிங்கில் இன்னும் குறைந்துவிடும். நமக்குக் குறை இருப்பதே ஐடிலிங்கில்தான். டயோடு பிளேட்டும் பழைய அளவுக்கே போட்டது, கூடுதல் கரன்ட்டில் அது சூடேறிப் போகும்.

மூன்றாவது வழி, அதே வண்டியின் உயர்ந்த மாடலில் வரும் ஆல்டர்னேட்டரை வாங்கி மாட்டுவது. ஒரே என்ஜினை ஏசி இல்லாத மாடல், ஏசி மாடல், ஆம்புலன்ஸ் மாடல் என்று பலவற்றில் போட்டு, ஆல்டர்னேட்டரை மட்டும் பெரிதாக்கித் தரும் வழக்கம் கம்பெனிகளுக்கு உண்டு. லூகாஸ் டிவிஎஸ், பாஷ் போன்ற பெயர்களில் வரும் இவற்றின் லேபிளில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். 50/90 என்று இரண்டு எண் போட்டிருந்தால் முதல் எண் ஐடிலிங்குக்குப் பக்கத்தில் கிடைப்பது, இரண்டாவது முழு வேகத்தில் கிடைப்பது. வாங்கும்போது பலரும் இரண்டாவதைப் பார்க்கிறார்கள். நம் மலைச்சாலைக்கும், அவிநாசி ரோட்டு சிக்னலில் ஏசியோடு நிற்பதற்கும் முதல் எண்தான் கணக்கு.

மாட்டும் காது இடைவெளி, புல்லியின் பள்ளம் எத்தனை, புல்லி பெல்ட் வரிசையில் நேராக நிற்கிறதா, கனெக்டர் பின் ஒன்றா என்று எல்லாவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதில் மிக முக்கியமான ஒன்று: பல பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்யூம் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு விசை கொடுப்பது அதுதான். பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு மலையில் இறங்கினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பம்ப்புக்குப் போகும் ஆயில் குழாயும் திரும்பி வரும் குழாயும் அப்படியே பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

உக்கடம் பக்கம் பழைய பாகக் கடைகளில் தேடுவோருக்கும் நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பாகங்களில் தேடுவோருக்கும் இன்னொரு எச்சரிக்கை. லாரி ஆல்டர்னேட்டர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; அவற்றில் பெரும்பாலானவை 24 வோல்ட்டுக்கானவை, 28 வோல்ட் கொடுப்பவை. அதைக் காரில் போட்டால் பேட்டரி கொதிக்கும், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போகும்.

நான்காவது, 180, 200 ஆம்பியர் என்று தனியாக வாங்கி, லேத்தில் கொடுத்து பிராக்கெட் செய்து மாட்டுவது. கோவைப் பட்டறைகளில் எந்த பிராக்கெட்டையும் அழகாகக் கடைந்து கொடுப்பார்கள், அதில் குறை இல்லை. ஆனால் 100 ஆம்பியர் 14 வோல்ட்டில் கொடுத்தாலே 1400 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55, 60 சதவீதம் என்று வைத்தால் என்ஜினிலிருந்து மூன்றரை குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் பெல்ட் இழுக்க வேண்டும். 200 என்றால் ஏழு. ஒற்றை வி பெல்ட் ஓடும் பழைய ஜீப்பிலும் அம்பாசடரிலும் அந்த பெல்ட் வழுக்கியே தேய்ந்துவிடும். பல பள்ளம் உள்ள தட்டை பெல்ட்டும் அதற்கான புல்லிகளும் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் ஓடும் டூரிஸ்ட் வேன் ஒன்றுக்குத்தான் இது தேவைப்படும். அங்கேயும் ஐடிலிங்கில் எத்தனை என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஐந்தாவது வழி, இரண்டாவது பேட்டரி. உங்கள் சுமை என்ஜின் நின்றிருக்கும்போது ஓடுவது என்றால் எத்தனை பெரிய ஆல்டர்னேட்டராலும் பயனில்லை. மாரியம்மன் நோம்பிக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் ஓட்டுகிறவர், தோப்புக்குள் பேட்டரி ஸ்பிரேயரும் லைட்டும் ஓட்டுகிறவர், ஏற்காட்டில் வண்டிக்குள்ளேயே தங்கி சின்ன ஃபிரிட்ஜ் ஓட்டுகிறவர், இவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி. டிக்கியில் இரண்டாவது பேட்டரி, அதற்கு ஒரு டிசி டு டிசி சார்ஜர் (வண்டியின் கரன்ட்டை அளவோடு எடுத்து இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றும் கருவி). சார்ஜர் 20 ஆம்பியர்தான் என்றால் ஆல்டர்னேட்டர் மேல் அதற்கு மேல் பெரிதாகச் சுமை ஏறாது. பழைய ஆல்டர்னேட்டரே தாங்கும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை ராத்திரி செலவழித்தால் மறுநாள் மூன்று மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய திரும்பிவிடும். லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் இந்தச் சார்ஜர் இல்லாமல் நேராக இணைக்கவே கூடாது. லித்தியம் கிடைக்கும் கரன்ட்டையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடிச் சூட்டிலேயே போய்விடும்.

ஒரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பெரிய ஆல்டர்னேட்டர் போட்டா பேட்டரியும் பல்பும் எரிஞ்சுருமாங்க?" என்று கேட்பார்கள். எரியாது. வோல்ட்டை ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிறது. சுமை 40 ஆம்பியர் கேட்டால் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் 40 மட்டுமே கொடுக்கும். சுமை 120 கேட்கும் நாள் வரும்போது அதை ஒயர் தாங்குமா என்பதுதான் கேள்வி. பேட்டரி முழுக்க இறங்கி, தள்ளி ஸ்டார்ட் செய்து, உடனே லைட்டும் ஏசியும் போடுகிற ராத்திரி அந்த நாள்.

ஒயர்

மோட்டாரின் எச்.பி.யைக் கூட்டிவிட்டுப் பழைய கேபிளிலேயே போரில் இறக்கினால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். கீழே போய்ச் சேரும்போது வோல்ட் இறங்கி காயில் கருகும். ஆயிரம் அடி போருக்குக் கேபிள் அளவை அத்தனை கவனமாகக் கேட்டு வாங்கும் அதே ஆள், காரில் ஒயரைப் பற்றிக் கேட்பதே இல்லை. கார் ஒயர் இரண்டு மீட்டர்தானே என்ற நினைப்பு. ஆனால் 14 வோல்ட்டில் ஓடும் வண்டிக்கு அரை வோல்ட் போவதும் பெரிய இழப்பு.

கணக்கு எளிதுதான். 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 2.9 மில்லி ஓம். இரண்டு மீட்டருக்கு 5.7. அதில் 60 ஆம்பியர் போனால் 0.35 வோல்ட் தொலையும், 20 வாட் சூடாக மாறும். 120 போனால் 0.7 வோல்ட் தொலையும். சூடு 80 வாட்டைத் தாண்டும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. ஒயரின் உறை இளகும், பக்கத்து ஒயரோடு ஒட்டும், அப்புறம் தீதான். அதே இரண்டு மீட்டருக்கு 25 ஸ்கொயர் போட்டால் 120 ஆம்பியரிலும் 0.17 வோல்ட்தான் இறங்கும். சூடு மறுபடி 20 வாட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் 90 ஆம்பியருக்கு 16 ஸ்கொயர், 120-க்கு 25, அதற்கு மேல் 35 என்று நான் வைத்துக்கொள்கிறேன். நீளம் கூடினால் ஒரு அளவு மேலே போக வேண்டும்.

எந்த ஒயர்? வீட்டு ஒயரிங் கடையில் கிடைப்பது வேண்டாம். அதன் உறை பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு ஆனதல்ல. வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், செம்பும் நல்ல செம்பு. ஆனால் டீசலும் ஆயிலும் பட்டால் பல வெல்டிங் கேபிள்களின் ரப்பர் உறை ஊறிப்போகும். 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் கிட்டில் மலிவாக வரும் தடித்த ஒயர் பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதற்கு ரெசிஸ்டன்ஸ் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், லக்கில் சீக்கிரம் தளரவும் செய்யும்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தித் தரும் கடைக்குப் போங்கள். சுத்தியலால் தட்டி ஈயம் பற்றவைப்பது இங்கே வழக்கம். ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துவிடும், என்ஜின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே இழை இழையாக அறுபடும். மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினால் ஈரம் உள்ளே போகாது. பழைய லக் ஒன்றைக் கழற்றி உறையை ஒரு விரல் அளவு உரித்துப் பாருங்கள், செம்பு பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும் ஒயரிலும் இதைப் பார்க்கலாம். அந்தக் கறுப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஓடியிருக்கிறதோ அதுவரை வெட்டி எறிய வேண்டும். சில ஒயரில் முழுதுமே ஓடியிருக்கும்.

இனி ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஆல்டர்னேட்டரின் அளவுக்கு மேலே ஃபியூஸ் இருக்க வேண்டும். 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 150 ஃபியூஸ், அதைத் தாங்கும் ஒயர். பழைய 80 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டுவிட்டு 120 போட்டால், முழுச் சுமையில் அது போகும். ஓடும்போது பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டர் திடீரெனப் பிரிந்தால் ஒரு கணம் வோல்ட் பல மடங்கு எகிறும். டயோடும் சேர்ந்து போகலாம், என்ஜின் கம்ப்யூட்டரும் போகலாம். ஃபியூஸை பேட்டரி பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் பேட்டரி தன் முழுச் சக்தியையும் அதில் கொட்டும்; அதைத் தடுக்க அங்கேதான் ஃபியூஸ் வேண்டும்.

கம்பெனி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதியது போடலாமா, பக்கத்திலேயே இன்னொன்று இழுக்கலாமா? நான் இரண்டாவது பக்கம். பழைய 6 ஸ்கொயரோடு புதிய 25 ஸ்கொயர் அதே நீளத்தில் ஓடினால் 120 ஆம்பியரில் பழையதன் பங்கு 23 ஆம்பியர்தான். மீதி புதியதில் போய்விடும். சென்சார், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் கம்பெனி அமைப்பிலேயே இருக்கும். ஆனால் புதிய ஒயரின் ஃபியூஸ் போனாலோ லக் கழன்றாலோ மொத்தமும் பழையதில் பாயும். அதனால் பழைய ஒயரில் இருக்கும் ஃபியூஸிபிள் லிங்கை (கரன்ட் மீறினால் உருகி அறுபடும் இணைப்பு) கம்பெனி அளவிலேயே விட வேண்டும், "தாங்கட்டும்" என்று பெரிதாக்கவே கூடாது. டாஷ்போர்டில் ஆம்மீட்டர் இருக்கும் பழைய ஜீப்புகளில் மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அங்கே சார்ஜிங் கரன்ட் மொத்தமும் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் மீட்டர் வரை வந்துவிட்டுத் திரும்புகிறது. அந்தப் பாதையைத் துண்டித்து, வோல்ட்மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எர்த்தை எல்லோரும் மறக்கிறார்கள். பிளஸ் ஒயரில் போகும் அதே 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பவும் வர வேண்டும். என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே இருப்பது ஒரு பின்னல் பட்டை, பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து பளபளவென்று வந்த வண்டிகளில் எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். புதிய பிளஸ் ஒயர் எந்த அளவோ அதே அளவில் ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்தோ என்ஜினிலிருந்தோ பேட்டரி மைனஸுக்கு ஒரு எர்த் போடுங்கள். புதிய கார்களில் பேட்டரி மைனஸ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். புது எர்த்தை நேராகக் கொம்பில் கட்டினால் அந்தச் சென்சாரின் கணக்கு தப்பும்; அது பாடியைத் தொடும் பக்கத்தில் கட்ட வேண்டும்.

புதிய கார் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பல பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்று என்ஜின் கம்ப்யூட்டரே சொல்கிறது. அதில் வேறு ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டரை மாட்டினால் எச்சரிக்கை லைட் எரிந்துகொண்டே இருக்கும். 2015-ல் சியாஸ் டீசலில் தொடங்கி மாருதி கொண்டுவந்த ஸ்மார்ட் ஹைபிரிட் வகையில் ஆல்டர்னேட்டரே ஸ்டார்ட்டர் வேலையும் செய்கிறது. இவற்றில் ஆல்டர்னேட்டர் மாற்றும் யோசனையே வேண்டாம். சுமையைக் குறையுங்கள், இல்லையென்றால் டிசி சார்ஜரோடு இரண்டாவது பேட்டரி.

யாருக்கு எது

லைட் மங்கல் என்பது மட்டும் புகார் என்றால் ரிலேயும் எர்த்தும். மலை ஏறும் டீசல் வண்டி, ஏசி, பனிவிளக்கு, ஐடிலிங்கில் வோல்ட் இறங்குவதை மீட்டரிலேயே பார்த்தாயிற்று என்றால் அதே என்ஜினின் உயர்ந்த மாடல் ஆல்டர்னேட்டர், கூடவே 25 ஸ்கொயர் ஒயரும் எர்த்தும். இரண்டையும் ஒரே நாளில் செய்யக் காசு பற்றவில்லையா, ஒயரையும் எர்த்தையும் முதலில் போடுங்கள். அடுத்த மாதம் ஆல்டர்னேட்டர் வாங்கிக்கொள்ளலாம். மாற்றி மட்டும் செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய அசல் டைனமோவும், பேட்டரி கரன்ட் அதற்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் கட்-அவுட்டும் உள்ள மிகப் பழைய அம்பாசடரில் கிடைப்பது 20 ஆம்பியரைச் சுற்றித்தான். அதற்கு 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும், 120-ஐத் தேட வேண்டியதில்லை. நின்ற வண்டியில் கரன்ட் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது பேட்டரி. நான்காவது வழியை நான் என் வீட்டு வண்டிகள் எதற்கும் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வேலை நடக்கும் அன்று பேட்டரி மைனஸை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பி பிளஸ் போல்ட்டில் என்ஜின் நின்றிருந்தாலும் கரன்ட் இருக்கும்; ஸ்பேனர் பாடியில் பட்டால் போதும். புதிய ஒயர் சைலன்ஸர் குழாயிலிருந்து தள்ளிப் போகிறதா, தகடைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா, என்ஜின் ஆடினால் இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தளர்வு விட்டிருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்ததும் மேலே சொன்ன அதே அளவைகளை முழுச் சுமையில் திரும்ப எடுங்கள். அரை மணி ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்தி, லக்குகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். என்ஜின் சூட்டைத் தாண்டி ஏதாவது ஒன்று தனியாகச் சுட்டால் அந்த லக்கைத் திரும்பச் செய்ய வேண்டும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் இளகும், அப்போது ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

புதிய ஃபியூஸின் அளவு, ஒயரின் ஸ்கொயர், ஆல்டர்னேட்டரின் ஆம்பியர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வழியில் ஃபியூஸ் போனால், பார்க்கும் எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த 250-ஐப் போட்டு அனுப்பாமல் இருப்பார்.